தேவையில்லாத வரி

புந்தா அரேனாஸில் காற்றடிக்கும் மாதம்.
நடைபாதை ஓரம் கயிறு கட்டியிருக்கிறார்கள்,
பிடித்துக்கொண்டு கடைக்குப் போக.
நான் கடைக்குப் போகவில்லை.
கர்னல் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

நீரிணைக் கரையில் ஒரு அலையளவு நிலையம்.
ஐந்து வருடம் பழைய கர்னலிலேயே கிடந்த பெட்டி,
பெட்டிக்குள் ஒரு சீரியல் கார்டு,
கார்டின் மறுமுனையில் கடல் மட்டம் சொல்லும் மிதவை.
புதிய கர்னல் போட்ட நாளிலிருந்து
இரவில் எப்போதாவது வாயடைத்துப் போகிறது.
பிழைச் செய்தி இல்லை. பதற்றம் இல்லை.
இன்டரப்ட் வருவதில்லை, அவ்வளவுதான்.
எலெயுத்தேரியோ எழுந்து, தொப்பியைக் காதுவரை இழுத்து,
பொத்தானை அழுத்தி உயிர்ப்பித்துவிட்டு
எனக்குச் செய்தி அனுப்புகிறான்: "மறுபடியும்."
மூன்று வாரமாக அந்த ஒரே சொல்.

முதலில் வேவு பார்த்தேன்.
ஐந்து இடத்தில் அச்சிடும் வரி சேர்த்தேன்:
இங்கே வந்தாயா, இதைத் தாண்டினாயா.
சேர்த்ததும் நோய் போய்விட்டது,
டாக்டர் வாசலில் நிற்கும் பல்வலி மாதிரி.
நான்கு இரவு ஒழுங்காக ஓடியது.
எடுத்தேன். அன்றே விழுந்தது.

கேபிளைக் குற்றம் சொன்னேன்.
கார்டைக் குற்றம் சொன்னேன்.
ஒரு மாலை, வெட்கமில்லாமல், கடலையே சொன்னேன்.

பிறகு பாதியாக வெட்டத் தொடங்கினேன்.
அதே மாதிரிக் கார்டு ஒன்று என் மேசையிலும்.
விரட்டி விரட்டி வேலை வாங்கினால்
ஆறு மணி நேரத்துக்குள் விழும்.
நல்ல கர்னலுக்கும் கெட்ட கர்னலுக்கும் நடுவே
எட்டாயிரம் மாற்றங்கள்.
நடுவில் ஒன்றை எடு, கம்பைல் செய், ஏற்று, காத்திரு.
விழுந்தால் இந்தப் பக்கம், விழாவிட்டால் அந்தப் பக்கம்.
பதின்மூன்று முறை போதும் என்கிறது கணக்கு.
எப்போது தூங்குவது என்று கணக்கு சொல்லவில்லை.

கம்பைல் ஆகப் பதினோரு நிமிடம்.
மாத்தே இலைக்குச் சுடுநீர் வைக்கலாம்.
ஜன்னல் இடுக்கில் செய்தித்தாள் திணிக்கலாம்.
கட்டாமல் விட்ட வரிக்கணக்கைத் திறந்து
அப்படியே மூடலாம்.
ஏழாவது சுற்றில் மேசையிலேயே தூங்கி எழுந்தேன்,
விசைப்பலகைக் கட்டங்கள் கன்னத்தில்.

பதின்மூன்றாவது, சனிக்கிழமை விடியலில்.
ஒரே ஒரு மாற்றம் மிச்சம்.
தலைப்பு: தேவையில்லாத வரி நீக்கம்.
தேதி: மூன்று ஆண்டுக்கு முன்.
பெயர்: டனிட்சா குசானோவிச்.
என் பெயரை நானே உரக்கப் படித்தேன்.
யாரோ கூப்பிட்டதுபோலத் திரும்பியும் பார்த்தேன்.

நான் நீக்கிய வரி என்ன செய்தது?
ரெஜிஸ்டரில் ஒரு எண்ணை எழுதிய கையோடு
அதையே திரும்பப் படித்தது.
படித்ததை எங்கும் வைக்கவில்லை. கீழே போட்டது.
பார்த்தவுடன் சிரித்திருப்பேன்.
வீண் என்று அடித்து, அனுப்பி,
இரண்டு பேர் "நன்று" என்று ஒப்பமிட்டு,
அன்று மாலை நான் கேக் வாங்கியதுகூட நினைவிருக்கிறது.

எழுதியது வழியில் தேங்கும் என்று தெரியாதவள் இல்லை நான்.
தபால் பை மாதிரி,
இன்னும் கொஞ்சம் சேரட்டும் என்று காத்திருக்கும்.
பின்னாலேயே ஒருவர் படிக்கக் கிளம்பினால்தான்
முன்னே போனதெல்லாம் போய்ச் சேர்ந்தாக வேண்டும்.
"சாப்பிட்டாயா" என்று கேட்கிறோமே,
அப்படி ஒரு வாசிப்பு.
என் ஐந்து அச்சு வரிகள்
சும்மா நேரத்தைக் கடத்தியிருக்கின்றன,
அதற்குள் பை போய்ச் சேர்ந்திருக்கிறது.

அந்த வரியை முதலில் எழுதியவர் யார்?
இரண்டு எழுத்து மட்டும், பெயர்கூட இல்லை.
ஒரு சொல் விளக்கம் வைத்திருக்கக் கூடாதா மனிதர்?
கோபம் ஒரு கம்பைல் நேரம் நின்றது.

வரியைத் திருப்பி வைத்தேன். அதன் தலையில் எழுதினேன்:
இதை எடுக்காதே. எடுத்தவள் சொல்கிறேன்.

பேட்ச் நிலையத்துக்குப் போனது.
ஒரு வாரம் எலெயுத்தேரியோவிடமிருந்து சொல் இல்லை.
காற்று மட்டும் கயிற்றை உலுக்கிக்கொண்டிருந்தது.
எட்டாம் நாள் பொறுக்காமல் நானே கேட்டேன்:
"பெட்டி எப்படி?"

மதியத்துக்கு மேல் பதில் வந்தது:
"தூங்கிவிட்டேன். எந்தப் பெட்டி?"